விளக்கின் கீழ் நிற்பவள்

நியூயார்க்கில் டிசம்பர் மாதம் மாலை நாலரை மணிக்கே சூரியன் மறைந்துவிடும். அலுவலகங்கள் ஐந்து மணிக்கு முடியும். ஐந்து அடித்ததும் ஊழியர்கள் விளக்கை அணைத்துவிட்டு வீட்டுக்குக் கிளம்பிவிடுவார்கள். வானம் நன்றாக இருட்டியிருக்க வேண்டும், அதே சமயம் கட்டடங்களின் ஜன்னல்களில் எல்லாம் விளக்கு எரிய வேண்டும் என்று ஒருவர் ஆசைப்பட்டால், ஆண்டின் மிகக் குறுகிய பகல்கள் வரும் அந்தச் சில நாட்களில்தான் அது நடக்கும். அப்போதும் கையில் கிடைப்பது அரைமணி நேரத்துக்கும் குறைவு. பெரனிஸ் அபட் இந்தக் கணக்கைப் போட்டு வைத்துக்கொண்டு காத்திருந்தார். 1931இல் திறக்கப்பட்டுப் புதுக்கருக்கு அழியாமல் நின்றிருந்த எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் உயரத்தில், காற்றுக்கு அஞ்சி உள்ளிருந்தபடியே, ஜன்னல் வழியாகக் கேமராவைக் கீழ்நோக்கி வைத்தார். எக்ஸ்போஷர் பதினைந்து நிமிடம். அவ்வளவு உயரத்தில் கட்டடம் இலேசாக ஆடும். பதினைந்து நிமிடத்தில் படம் கலங்கிப்போக எல்லா வாய்ப்பும் உண்டு. இன்னொரு முறை முயன்று பார்க்க நேரமும் இல்லை, ஏனென்றால் ஐந்து மணி ஆகிவிடும். ஒரே ஒரு நெகட்டிவ். அதுதான் 1932ஆம் ஆண்டு தேதியிட்டு நாம் இன்று பார்க்கும் 'நைட் வியூ, நியூயார்க்'.

வகுப்பில் இந்தப் படத்தைத் திரையில் போடும்போது மாணவிகள் அதன் அழகைப் பற்றி முதலில் பேசுவதில்லை. "அந்த நேரத்துல அவங்களை மேலே யார் விட்டாங்க மேடம்?" என்றுதான் கேட்கிறார்கள். கலை வரலாற்று நூல்கள் கேட்காத கேள்வி அது. இரவு ஒளிப்படக் கலையின் வரலாறு லென்ஸ், பிலிம், மின்சாரம் என்று எழுதப்பட்டிருக்கிறது. அனுமதியின் வரலாறாக அதை எழுதினால் வேறு ஆட்கள் கண்ணுக்குத் தெரிவார்கள்.

முதலில் அந்த ஜன்னல்களைப் பாருங்கள். அபட்டின் படத்தில் ஒரு மனித முகம்கூட இல்லை. கரிய பள்ளத்தாக்கில் கொட்டிவைத்த தணல் போல ஜன்னல்கள் மட்டும். ஆனால் அவற்றின் பின்னால் அந்தப் பதினைந்து நிமிடமும் யாரோ இருந்தார்கள். 1930களின் அமெரிக்க அலுவலகங்களில் தட்டச்சு செய்தவர்களும் சுருக்கெழுத்து எடுத்தவர்களும் பெரும்பாலும் பெண்கள். ஐந்து மணிக்கு அவர்கள் எழுந்து போன பிறகு, வாளியும் துடைப்பமும் எடுத்துக்கொண்டு மாடி மாடியாகத் துடைக்க வருபவர்களும் பெண்கள். நகரத்தின் அந்த ஒளி அலங்காரத்துக்காக ஏற்றப்பட்டதல்ல. சம்பள வேலைக்காக எரிந்தது. வேலை முடியும் நிமிடத்தை வைத்தே தன் எக்ஸ்போஷரைக் கணக்கிட்ட ஒருத்திக்கு இது தெரியாமல் இருந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

அதே 1932ஆம் ஆண்டின் இறுதியில் பாரிஸில் ஒரு புத்தகம் வெளிவந்தது. பிரஸ்ஸாய் என்ற புனைபெயரில் இயங்கிய ஹங்கேரியக் கலைஞர் கியூலா ஹலாஸின் 'பாரி த நுய்', அதாவது இரவின் பாரிஸ். அறுபதுக்கும் மேற்பட்ட படங்கள், பால் மொராந்தின் முன்னுரை. உலகெங்கும் இன்றுவரை இரவு நகரத்தை எடுக்கக் கிளம்பும் எவருக்கும் அதுவே ஆதிநூல். பாலங்கள், சிலைகள், மழை ஊறிய கற்தெரு, மூடுபனியில் கரையும் விளக்குக் கம்பம் என்று இன்று நமக்குத் தேய்ந்த காட்சிகளாகிவிட்டவற்றைப் புதிதாகப் பார்த்தவர் அவர். சிகரெட்டை வைத்து எக்ஸ்போஷரை அளந்தார் என்பது பிரபலமான கதை: வெளிச்சம் ஓரளவு இருந்தால் ஒரு கோலுவாஸ் எரிந்து முடியும் நேரம், இருட்டு அதிகமென்றால் அதைவிடத் தடித்த ஒரு போயார். நடுநிசித் தெருவில் முக்காலியை நிறுத்திவிட்டு, சுவரில் சாய்ந்து ஒரு முழு சிகரெட்டையும் நிதானமாகப் புகைக்கும் ஆண். இந்தப் படிமத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிரஸ்ஸாயின் இரவில் பெண்களும் உண்டு. தெருமுனையில், விளக்கின் கீழ், இடுப்பில் கை வைத்து நிற்கிற பெண்கள். அவர்கள் ஏன் விளக்கின் கீழ் நின்றார்கள்? படத்துக்கு வெளிச்சம் வேண்டும் என்பது ஒரு காரணம். அதைவிடப் பழைய காரணம் ஒன்று இருக்கிறது.

பாரிஸில் தெருவிளக்கும் நவீனக் காவல்துறையும் ஒரே ஆண்டில் பிறந்தவை. 1667இல் பதினான்காம் லூயி, நிகோலா த லா ரெனியை நகரின் முதல் காவல் தலைமை அதிகாரியாக நியமித்தார். அவர் எடுத்த முதல் நடவடிக்கைகளில் ஒன்று தெருக்களில் மெழுகுவர்த்தி விளக்குகளைத் தொங்கவிட்டது. ஒளியூட்டுவதும் கண்காணிப்பதும் ஒரே அலுவலகத்தின் வேலையாக இருந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் எரிவாயு விளக்கு வந்தபோது பாரிஸ் காவல்துறை பாலியல் தொழில் செய்யும் பெண்களைப் பெயர் பதிந்து, மருத்துவச் சோதனைக்கு உட்படுத்தி, அவர்கள் எப்போது, எங்கே நிற்கலாம் என்பதையும் வரையறுத்தது. தெருவிளக்கு ஏற்றிய பிறகே அவர்கள் வெளியே வரலாம். இரவு குறித்த மணிக்குள் மறைந்துவிட வேண்டும். மீறினால் சேன் லாசார் சிறை.

நம் வீடுகளில் 'விளக்கு வைக்கிற நேரத்துக்குள்ள வந்துடு' என்று சொல்வோம் அல்லவா? இந்த ஒழுங்குமுறையைப் படித்தபோது அந்த வாக்கியத்தின் மறுபாதியைக் கண்டதுபோல் இருந்தது. விளக்கு வைத்ததும் ஒருத்தி வீட்டுக்குள் போக வேண்டும், இன்னொருத்தி தெருவுக்கு வர வேண்டும். இருவருக்கும் மணி அடிப்பது அதே விளக்கு.

பிரஸ்ஸாயை வில்லனாக்குவது என் நோக்கமல்ல. அவர் ஒளிந்திருந்து எடுத்தவர் அல்லர். அவருடைய படங்களில் பல, எதிரில் இருப்பவரிடம் பேசி, நிற்கவைத்து எடுத்தவை. மோன்பர்னாஸில் 'லெ மோனோக்ல்' என்ற, பெண்களை நேசித்த பெண்களின் மதுவிடுதியில், கோட்டும் டையும் அணிந்த பெண்கள் ஒருவரையொருவர் அணைத்து ஆடுவதை அவர் எடுத்த படங்கள் இல்லையென்றால், அந்த வாழ்வின் காட்சிச் சாட்சியங்கள் மிகக் குறைந்துபோயிருக்கும். ஆனால் பாரிஸின் இந்த மறைமுகங்கள் பலவும் ஒரு தொகுப்பாக நூலேற 1976 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பாலங்களும் நினைவுச் சின்னங்களும் உடனே அச்சேறிவிட்டன.

இங்கே தொழில்நுட்பத்தையும் கொஞ்சம் பேச வேண்டும், ஏனென்றால் அதற்குள்தான் விஷயம் ஒளிந்திருக்கிறது. நீண்ட எக்ஸ்போஷரில் நடந்துபோகிறவர்கள் படத்தில் விழமாட்டார்கள். பத்து நிமிடம் திறந்திருக்கும் லென்ஸின் முன்னால் வேகமாகக் கடப்பவர் எந்தத் தடமும் விடுவதில்லை. வண்டியென்றால் அதன் விளக்கு ஒரு கோடாக நீளும். அசையாமல் நிற்பவர் மட்டுமே பதிவாவார். கோபுரங்களும் நீரூற்றுகளும் ஒளிவெள்ளத்தில் மின்னும் பழைய படங்களில் ஊரே காலியாகத் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம். இரவில் தெருவைக் கடக்கும் பெண், தலைகுனிந்து, நடையை எட்டிப்போட்டுப் போகிறவள், அந்தப் படங்களில் இருக்கவே முடியாது. நின்றவள் மட்டும் இருக்கிறாள்.

இந்தக் கலையைச் செய்யவும் நிற்கத்தான் வேண்டும். முக்காலியோடு, ஒரே இடத்தில், சும்மா நிற்பதுபோலத் தோன்றும்படி, நெடுநேரம். ஆண் நின்றால் அவர் கலைஞர், அதிகம் போனால் சந்தேகப் பேர்வழி. பெண் நின்றால்? இங்கிலாந்தின் 1959ஆம் ஆண்டுத் தெருக் குற்றச் சட்டம் பாலியல் தொழிலாளி எனக் கருதப்படும் பெண் தெருவில் அந்த நோக்கத்தோடு தங்கி நிற்பதையே குற்றமாக்கியது. அதற்கு அந்தச் சட்டம் பயன்படுத்திய இழிசொல் 2009இல்தான் நீக்கப்பட்டது. 1977 நவம்பரில் லீட்ஸ் நகரப் பெண்கள் இரவை மீட்போம் என்று தெருவில் இறங்கியதும் இதையொட்டித்தான். அந்த வட்டாரத்தில் பெண்களைத் தொடர்ந்து கொன்றுவந்தவனைப் பிடிக்க முடியாத காவல்துறை, பெண்களை இருட்டிய பின் வெளியே வராதீர்கள் என்றது. ஊரடங்கு கொலைகாரனுக்கு அல்ல, கொல்லப்படக்கூடியவர்களுக்கு.

அபட் தெருவில் நிற்பதைப் பற்றி நன்கு அறிந்தவர். பாரிஸில் மான் ரே அவரை இருட்டறை உதவியாளராகச் சேர்த்துக்கொண்டதே ஒளிப்படம் பற்றி ஒன்றும் தெரியாத ஆள் வேண்டும் என்பதற்காக. அந்த 'ஒன்றும் தெரியாத ஆள்' 1926இல் தனி ஸ்டுடியோ தொடங்கி ஜூனா பார்ன்ஸ், சில்வியா பீச், ஜேனட் பிளானர் என்று அக்காலத்துச் சுதந்திரப் பெண்களின் முகங்களைப் பதிவு செய்தார். 1929இல் நியூயார்க் திரும்பி நகரத்தையே எடுக்கத் தொடங்கினார். பவரி என்ற வறிய பகுதியில் படமெடுத்தபோது, நல்ல பெண்கள் இங்கே வரமாட்டார்கள் என்று ஒருவர் அவரிடம் சொல்ல, நான் நல்ல பெண் இல்லை, ஒளிப்படக்காரி, எங்கும் போவேன் என்ற பொருளில் பதில் சொன்னதாக அவரே பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். பணம் தேடி அலைந்து, கடைசியில் 1935இல்தான் அரசின் கலைத் திட்டத்தில் மாதம் 145 டாலர் சம்பளம் கிடைத்தது. 1939இல் 'சேஞ்சிங் நியூயார்க்' நூலாக வந்தபோது, அவருடைய வாழ்க்கைத் துணையான விமர்சகர் எலிசபெத் மெக்காஸ்லண்ட் எழுதிய கூர்மையான குறிப்புகளைப் பதிப்பாளர்கள் மழுங்கடித்து, சுற்றுலா வழிகாட்டியின் நடைக்கு மாற்றினார்கள். உலகப் பொருட்காட்சிக்கு வரும் பயணிகளிடம் புத்தகம் விற்க வேண்டுமல்லவா.

அபட்டுக்கும் முன்னோடி ஒருவர் உண்டு. ஜெஸ்ஸி டார்பாக்ஸ் பீல்ஸ், 1870இல் கனடாவில் பிறந்தவர், பள்ளி ஆசிரியையாக இருந்து 1902இல் பஃபலோ நகரச் செய்தித்தாளில் ஒளிப்படச் செய்தியாளராகச் சேர்ந்தவர். அமெரிக்காவில் அந்த வேலைக்கு வந்த முதல் பெண் என்று அவரைச் சொல்கிறார்கள். இரவுப் படங்கள் எடுத்த முதல் பெண் என்றும். 1904இல் செயின்ட் லூயிஸ் உலகப் பொருட்காட்சியில் மல்லுக்கட்டி அனுமதிச் சீட்டு வாங்கி, நீளப் பாவாடையும் பெரிய தொப்பியுமாகக் கனமான கேமராவைத் தூக்கிக்கொண்டு ஏணியில் ஏறினார், பலூனிலும் ஏறினார். இருட்டறை வேலையைக் கணவர் பார்த்துக்கொண்டார். அந்த ஏற்பாட்டை நான் மிகவும் ரசிக்கிறேன். ஆனால் இரவில் மின்விளக்குகளால் மாளிகைகளை மினுக்கிய அதே பொருட்காட்சி, பிலிப்பைன்ஸிலிருந்து இகொரோட் மக்களைக் கொண்டுவந்து 'கிராமம்' அமைத்துக் காட்சிக்கு வைத்தது. பீல்ஸ் அவர்களையும் எடுத்தார். கேமராவுக்குப் பின்னால் ஒரு பெண் நின்றதால் அந்தப் பார்வை மாறிவிடவில்லை. 1942இல், எழுபத்தொரு வயதில், கையில் காசில்லாமல் ஒரு பொது மருத்துவமனையில் அவர் இறந்தார். வைக்க இடமில்லாமல் அவருடைய நெகட்டிவ்கள் பலவும் அழிந்துபோயின.

இன்றைக்கு உலகில் மிக அதிகமாக இரவில் படமெடுக்கப்படும் சின்னங்களில் ஒன்று ஐஃபெல் கோபுரம். அதன் ஒளிக்கும் ஒரு சொத்து வரலாறு இருக்கிறது. 1925 முதல் சுமார் பத்தாண்டுகள் சித்ரோயன் கார் நிறுவனத்தின் பெயர் அதன் உடம்பில் இரண்டரை லட்சம் பல்புகளில் எரிந்தது. 1985இன் கடைசி நாளில் பியேர் பிதோ வடிவமைத்த 336 சோடியம் விளக்குகள் பொன்னிறத்தைத் தந்தன. கோபுரத்தின் பகல் தோற்றத்துக்கு இன்று உரிமையாளர் யாருமில்லை. இரவு விளக்கமைப்புக்கோ காப்புரிமை உண்டு, வணிகத்துக்குப் பயன்படுத்த வேண்டுமானால் அனுமதி பெற வேண்டும். பகல் எல்லாருக்கும், இரவு மட்டும் ஒருவருக்கு. கோபுரத்தின் முதல் தளத்துக்குக் கீழே சுற்றிலும் எழுபத்திரண்டு அறிஞர்களின் பெயர்களைப் பொறித்தார் ஐஃபெல். அத்தனை பேரும் ஆண்கள். இரும்பு எப்படி வளைகிறது என்ற நெகிழ்வுக் கணிதத்துக்குப் பங்களித்த சோஃபி ஜெர்மேனின் பெயர் அதில் இடம்பெறவில்லை.

ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் 25 முதல் டிசம்பர் 10 வரை, பெண்கள் மீதான வன்முறைக்கு எதிராக, ஐ.நா.வின் அழைப்பில் உலகெங்கும் சின்னங்கள் ஆரஞ்சு நிறத்தில் ஒளிர்கின்றன. மறுநாள் செய்தித்தாள்களில் படங்கள் வரும். அழகாகவே இருக்கும். அந்த ஆரஞ்சு விழாத பக்கத்துத் தெருவைக் கடந்து பேருந்து நிறுத்தத்துக்குப் போகும் பெண்ணுக்கு அது என்ன செய்தது என்று கேட்டால் முகம் சுளிப்பார்கள். கேட்கத்தான் வேண்டியிருக்கிறது.

ஆனாலும் ஒரு படத்தின் முன் என் சிடுசிடுப்பு நிற்கவில்லை. 2024 மார்ச் 4. கருக்கலைப்புச் சுதந்திரத்தை அரசியல் சாசனத்தில் சேர்க்கும் திருத்தத்தை வெர்சாயில் கூடிய பிரெஞ்சு நாடாளுமன்றம் 780க்கு 72 என்ற வாக்குகளில் ஏற்றது. அன்று ஐஃபெல் கோபுரத்தில் 'என் உடல், என் தேர்வு' என்ற சொற்கள் ஒளிர்ந்தன. எதிரே த்ரோகாதெரோ சதுக்கத்தில் பெண்கள் திரண்டிருந்தார்கள், அழுதுகொண்டும் ஆர்ப்பரித்துக்கொண்டும். இப்போதைய கேமராக்களுக்கு ஒரு நொடியின் சிறு பகுதியே போதும், அசைகிறவர்களும் பதிவாகிறார்கள். பலர் கைபேசியை உயர்த்திப் பிடித்துக் கோபுரத்தை எடுத்துக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்குப் போகும் அவசரம் அவர்களில் யாருக்கும் இருந்ததாகத் தெரியவில்லை.