வண்டி ஓட்டியவர்களின் வண்டி

வெள்ளவத்தையில் எனக்குக் காற்சட்டை தைப்பவர் ஒரு பழைய கொப்பி வைத்திருக்கிறார். வாடிக்கையாளர்களின் அளவுகள் ஆண்டுவாரியாக அதிலே பதியப்பட்டிருக்கின்றன. சென்ற மாதம் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "ஐயா, நீங்கள் முதன்முதல் வந்தது 1996இல். அப்ப இடுப்பு 30. இப்ப 38" என்றார். கூடுதல் துணி வேண்டும் என்பதற்காகத்தான் சொன்னார். எனக்கோ அந்த இரண்டு எண்களும் வேறொரு கதையை நினைவூட்டின. அதுவும் காற்சட்டை அளவுகளின் கதைதான்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிரித்தானியாவில் மாரடைப்பு மரணங்கள் பெருகின. காரணம் எவருக்கும் தெளிவாகத் தெரியவில்லை. அப்போது ஜெரி மொறிஸ் என்ற வைத்தியர், மனிதர் செய்யும் தொழிலுக்கும் அவர்களின் இதயத்துக்கும் தொடர்பிருக்குமோ என்று தேடத் தொடங்கினார். அவர் தேர்ந்துகொண்டது லண்டனின் இரட்டைத்தட்டு பஸ்களை. ஒரே பஸ்ஸில் இருவர் வேலை செய்கிறார்கள். சாரதி நாள் முழுவதும் அமர்ந்திருக்கிறார். நடத்துனரோ படியேறி இறங்கிப் பயணச்சீட்டுக் கொடுக்கிறார். ஒரு நாளில் அவர் ஏறும் படிகள் 500க்கும் மேல். ஊரும் ஒன்று, வர்க்கமும் ஒன்று, வேறுபாடு உடல் அசைவில் மட்டுமே என்று தோன்றியது.

35 முதல் 64 வயது வரையான ஏறத்தாழ 31,000 ஊழியர்களின் பதிவுகளை அவரது குழு ஆராய்ந்தது. 1953இல் 'லான்செற்' சஞ்சிகையில் முடிவு வெளியாயிற்று. நடத்துனர்களுக்கு மாரடைப்புக் குறைவாக வந்தது. வந்தாலும் பிந்திய வயதில் வந்தது. வந்தவர்களும் சாரதிகளைவிடக் கூடுதலாக உயிர் தப்பினார்கள்.

உடனே ஒரு கேள்வி எழுந்தது. சாரதிகள் பருமனானவர்களாக இருந்தால்? நோய்க்குக் காரணம் அமர்ந்திருப்பதா, பருமனா? ஆயிரக்கணக்கானோரை மீண்டும் அழைத்து நிறுத்துப் பார்ப்பது இலகுவான காரியமன்று. மொறிஸ் வேறு வழி கண்டார். போக்குவரத்து நிர்வாகம் ஊழியர்களுக்குச் சீருடை வழங்கி வந்தது. ஒவ்வொருவருடைய காற்சட்டையின் இடுப்பளவும் பதிவில் இருந்தது. எந்த வைத்தியரும் எண்ணிப்பாராத அந்தத் தையற்கணக்கை அவர் மருத்துவ ஆவணமாக்கினார். 1956இல் வெளியான கட்டுரையின் தலைப்பிலேயே 'சீருடைகளின் தொற்றுநோயியல்' என்ற தொடர் இடம்பெற்றது. சாரதிகளின் இடுப்பு நடத்துனர்களின் இடுப்பைவிடப் பெரிதாக இருந்தது. யாழ்ப்பாணத்தில் நாம் தொந்தியை 'வண்டி' என்போம். வண்டி ஓட்டியவர்களுக்குத்தான் வண்டியும் வைத்திருந்தது.

கதை அத்துடன் முடியவில்லை. மெலிந்த சாரதியை மெலிந்த நடத்துனரோடும், பருத்தவரைப் பருத்தவரோடும் ஒப்பிட்டபோதும் சாரதிகளுக்கே திடீர் மரணம் கூடுதலாக நேர்ந்தது. ஆக, பருமன் முழுக் காரணமன்று. அசையாமல் இருப்பது தனியாக ஓர் ஆபத்து.

பருமனின் பங்கு எவ்வளவு என்பதற்கு விடை அமெரிக்காவிலிருந்து வந்தது. மசாச்சுசெற்ஸ் மாநிலத்தின் பிறேமிங்ஹாம் நகரில் 1948இல் தொடங்கிய ஆய்வு 5,209 ஆண்களையும் பெண்களையும் ஆண்டுக்கணக்காகப் பின்தொடர்ந்தது. குருதி அமுக்கம், கொலஸ்ரரோல், புகைத்தல் ஆகியவை முதலில் குற்றவாளிகளாக அடையாளம் காணப்பட்டன. பருமன் அவற்றின் ஊடாகவே தீங்கு செய்கிறது என்று பலர் எண்ணினர். 26 ஆண்டுத் தரவுகளை வைத்து 1983இல் வெளியான ஆய்வு, பருமன் தன்னளவிலும் இதயநோய்க்கு ஏதுவாகிறது என்று காட்டியது.

இதற்கிடையில் அளவுகோலே மாறிவிட்டது. நிறையை உயரத்தின் வர்க்கத்தால் வகுக்கும் கணக்கு, 19ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த பெல்ஜிய அறிஞர் கெற்லேயுடையது. சராசரி மனிதனைத் தேடிய புள்ளிவிபரவியலாளர் அவர். நோயை அளக்க அவர் அதை வகுக்கவில்லை. 1972இல் அமெரிக்கரான அன்செல் கீஸ் அதற்கு 'உடற்திணிவுச் சுட்டி' என்று பெயர் சூட்ட, உலகெங்கும் வைத்தியர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். ஆனால் 1947இலேயே பிரான்சின் மார்செய் நகர வைத்தியர் ஜோன் வாக், கொழுப்பு எவ்வளவு என்பதிலும் பார்க்க எங்கே சேர்கிறது என்பதே முக்கியம் என்று எழுதியிருந்தார். வயிற்றுக் கொழுப்பு வெறும் சேமிப்பன்று. அது கொழுப்பமிலங்களை ஈரலுக்கு அனுப்புகிறது. இன்சுலினின் வேலையைக் குழப்புகிறது. குருதிக் கொழுப்பையும் குருதி அமுக்கத்தையும் உயர்த்துகிறது.

52 நாடுகளில் 27,000 பேரிடம் நடந்த 'இன்ரர்ஹார்ட்' ஆய்வு 2005இல் வாக்கின் கருத்துக்கு வலுச் சேர்த்தது. மாரடைப்பு அபாயத்தைக் காட்டுவதில் இடுப்புச் சுற்றளவு உடற்திணிவுச் சுட்டியைவிட நம்பகமானதாக இருந்தது. அதே ஆய்வின் தெற்காசியத் தரவுகள் 2007இல் தனியே வெளியாயின. இலங்கையும் அதில் அடங்கும். முதல் மாரடைப்பு ஏனைய நாட்டவர்க்குச் சராசரியாக ஏறத்தாழ 59 வயதில் வர, நமக்கு 53 வயதிலேயே வந்துவிடுகிறது.

இந்த 53 என்ற எண்ணை வாசித்தபோது என் கை நின்றுவிட்டது. ஆசிரியபீடத்தில் என்னோடு பல்லாண்டு இரவுப் பணி பார்த்த நண்பர் போனது 51 வயதில். அவரைக் குண்டர் என்று எவரும் சொன்னதில்லை. கையும் காலும் மெலிந்தவர். வயிறு மட்டும் மேசையைத் தொடும். பின்னிரவில் கொத்துரொட்டி, பிளேன்ரீ, மறுபடி கதிரை. நானும் அப்படியேதான். மறுநாள் அவருக்கான அஞ்சலிக் குறிப்பில் 'எதிர்பாராத மரணம்' என்று எழுதியவன் நான். 1956இல் காற்சட்டைகள் சொல்லத் தொடங்கியிருந்த செய்தி, செய்தியே தொழிலான எங்களுக்கு எட்டியிருக்கவில்லை.

என் நிறை 70 கிலோ. உயரம் 168 சென்ரிமீற்றர். சுட்டி ஏறத்தாழ 24.8. ஐரோப்பியர்க்கு வகுத்த 25 என்ற எல்லைப்படி நான் ஆரோக்கியவான். ஆனால் ஆசிய மக்களிடையே 23இலிருந்தே அபாயம் கூடுவதைக் கவனிக்க வேண்டும் என்று உலக சுகாதார அமைப்பின் நிபுணர் குழு 2004இல் கூறிவிட்டது. தெற்காசிய ஆணுக்கு இடுப்பு 90 சென்ரிமீற்றர், பெண்ணுக்கு 80 என்பது பரவலாக ஏற்கப்பட்ட எல்லை. 90 என்பது சுமார் 35½ அங்குலம். என் 38 அதைத் தாண்டி நிற்கிறது. அதுவும் வண்டிக்குக் கீழே இறக்கிக் கட்டும் காற்சட்டையின் அளவு. கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே, மூச்சை விட்ட நிலையில் நாடாவைச் சுற்றினால் 40 காட்டுகிறது.

சிறுவயதில் தகப்பனாருடன் கொழும்பில் இரட்டைத்தட்டு பஸ்ஸில் ஏறியிருக்கிறேன். லண்டனில் ஓடித் தேய்ந்த அத்தகைய பஸ்கள் பலவற்றை இலங்கைப் போக்குவரத்துச் சபை வாங்கியிருந்தது. மேல்தட்டுக்கு ஓடி ஏறுவதே அன்று பெரிய சந்தோஷம். கலைப்பட்டதாரியான நான் வைத்திய ஆலோசனை சொல்லத் தகுதியற்றவன். என் காரியத்தை மட்டும் சொல்கிறேன். வைத்தியரிடம் போய் வந்தேன். இரவுக் கொத்துரொட்டியை நிறுத்தினேன். அலுவலகத்தின் மூன்று மாடியையும் இப்போது படியால் ஏறுகிறேன். மொறிஸ் தம் ஆய்வைத் தானும் பின்பற்றி, நீந்தியும் நடந்தும் 99 வயது வரை வாழ்ந்து 2009இல் மறைந்தார். எனக்கு அவ்வளவு பேராசை இல்லை.

தையற்காரரிடம் ஒன்று மட்டும் கேட்டுக்கொண்டேன்: புதிய காற்சட்டையின் இடுப்புத் தையலைப் பிற்பாடு உள்ளே பிடிக்கக்கூடியதாகத் தைக்கும்படி. "எல்லாரும் வெளியே விடத்தான் துணி கேட்பார்கள்" என்று சிரித்தபடி அவர் கொப்பியை மூடினார்.