கெரட்டின் தெரியும்... அதைப் பிடிச்சு வெச்சிருக்கிற 'சிமென்ட்' தெரியுமா?

பார்லர் பக்கம் போனாலே 'கெரட்டின் ட்ரீட்மென்ட் பண்ணிக்கிறீங்களா?' என்ற கேள்வி வந்துவிடுகிறது. ஷாம்பு, ஹேர் மாஸ்க், சீரம் என எதைத் திருப்பிப் பார்த்தாலும் அதே பெயர். ஆனால், முடியோட பலம் கெரட்டினால மட்டும் வர்றதில்லை. அதற்குப் பக்கபலமாக இன்னொரு புரதக் கூட்டமே இருக்கிறது.

கம்பியும் சிமென்ட்டும்

கான்கிரீட் தூணை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே கம்பி, சுற்றிலும் சிமென்ட். முடியில் கம்பி மாதிரி நீள நீளமாக இருப்பது கெரட்டின். அந்த இழைகளுக்கு நடுவே சிமென்ட் மாதிரி நிரம்பியிருப்பவை, 'கெரட்டின் சார்ந்த புரதங்கள்'. சுருக்கமாக, கே.ஏ.பி. மனிதர்களிடம் இவற்றுக்கென 80-க்கும் அதிகமான மரபணுக்கள் உள்ளன. அதில் ஒரு பெரிய கூட்டம் 21-வது குரோமோசோமில் இருக்கிறது.

இவற்றில் பல புரதங்களில் 'சிஸ்டைன்' என்ற அமினோ அமிலம் ரொம்ப அதிகம். அதில் கந்தகம் உண்டு. முடி கருகும்போது மூக்கைப் பொத்த வைக்கிற அந்த நாற்றத்துக்கு இந்தக் கந்தகமும் ஒரு காரணம். இரண்டு சிஸ்டைன்கள் கைகோத்தால், 'டைசல்பைடு' என்ற உறுதியான பிணைப்பு உருவாகும். தலைக்குக் குளித்ததும் நீளமாகத் தொங்கும் சுருட்டை முடி, காய்ந்ததும் பழையபடி சுருண்டுகொள்கிறதே... தண்ணீரால் அந்தப் பிணைப்பை உடைக்க முடியாது, அதனால்தான்!

முடிப் புரதத்தை லேப்ல ஏன் செய்றாங்க?

'சலூன் தரையில முடி குவிஞ்சு கிடக்குதே, அதுல இருந்தே எடுத்துக்கலாமே?' என்று தோன்றலாம். சிக்கலே அந்தப் பிணைப்புகள்தான். எல்லாப் புரதங்களும் ஒன்றோடொன்று பூட்டிக் கிடப்பதால், குறிப்பிட்ட ஒரு கே.ஏ.பி-யை மட்டும் சுத்தமாகப் பிரித்தெடுப்பது கஷ்டம்.

அதனால், விஞ்ஞானிகள் வேறு வழியில் போகிறார்கள். தேவையான புரதத்துக்கான மனித மரபணுவை ஈ.கோலை பாக்டீரியா போன்ற ஒரு செல்லுக்குள் வைப்பார்கள். அந்தச் செல் பெருகப் பெருக, புரதமும் உற்பத்தியாகும். பிறகு அதைச் சுத்திகரித்து எடுப்பார்கள். இதுதான் 'ரீகாம்பினன்ட்' புரதம். சர்க்கரை நோயாளிகளுக்கான மனித இன்சுலினை 1978-ல் ஆய்வகத்தில் உருவாக்கியதும் இதே முறையில்தான்.

ஒரு கே.ஏ.பி கெரட்டினோடு எப்படி ஒட்டுகிறது, பரிசோதனைக்கான ஆன்டிபாடி சரியான புரதத்தைத்தான் பிடிக்கிறதா என்றெல்லாம் சோதிக்க இது உதவும். சின்னக் குப்பியில், மைக்ரோகிராம் கணக்கில், உறைநிலைக்கும் கீழான குளிரில் வைக்கப்படும். லேபிளில் 'ஆராய்ச்சிக்கு மட்டும்' என்று இருக்கும். அது தலையில் தடவுகிற சமாசாரம் இல்லை.

அப்போ பார்லர்ல தடவுறது?

அழகுசாதனங்களில் இருப்பது பெரும்பாலும் ஆட்டு ரோமம், பறவை இறகு போன்றவற்றைச் சிதைத்து எடுத்த கெரட்டின் துண்டுகள். இவை முடியின் மேல் படிந்து பளபளப்பு தரும். மிகச்சிறிய துண்டுகள் கொஞ்சம் உள்ளேயும் போகலாம். ஆனால், உள்ளே இருக்கிற கம்பி-சிமென்ட் கட்டுமானத்தை அவற்றால் திரும்பக் கட்ட முடியாது. அலசலசப் போய்விடும்.

மாதக்கணக்கில் முடியை நேராக நிற்க வைப்பது, கூடவே சேர்க்கப்படும் கெமிக்கலும் அயர்ன் பண்ணும் சூடும்தான். சில க்ரீம்கள் சூடானதும் ஃபார்மால்டிஹைடு வாயுவை வெளியிடும். இதை மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு வகைப்படுத்தியிருக்கிறது.

'ஃபார்மால்டிஹைடு ஃப்ரீ' என்றாலும் முழுசா நம்பிட வேண்டாம். சிலவற்றில் கிளையாக்ஸிலிக் அமிலம் இருக்கும். அந்த அமிலம் கலந்த க்ரீமால் முடியை நேராக்கிக்கொண்ட ஒரு பெண்ணுக்கு, மூன்று முறையும் சிறுநீரகம் பாதிக்கப்பட்டது பற்றி 2024-ல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' மருத்துவ இதழ் வெளியிட்டது.

ஓகே சொல்றதுக்கு முன்னாடி...

* பாட்டிலைக் கேட்டு வாங்கி, உட்பொருள்களைப் படியுங்கள். ஃபார்மலின், மெத்திலீன் கிளைக்கால் என்று இருந்தால் அதுவும் ஃபார்மால்டிஹைடு வகைதான்.
* கண் எரிச்சல், தொண்டைக் கரகரப்பு, தலையில் எரிச்சல் வந்தால் உடனே நிறுத்தச் சொல்லுங்கள்.
* அதன் பிறகு வாந்தி, முதுகுவலி இருந்தால் தாமதிக்காமல் டாக்டரைப் பாருங்கள். என்ன ட்ரீட்மென்ட் எடுத்தீர்கள் என்பதையும் சொல்லுங்கள்.
* கர்ப்பிணிகள், ஆஸ்துமா, சிறுநீரகப் பிரச்னை உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் செய்துகொள்ள வேண்டாம்.

வெளியே தெரிகிற முடி உயிரில்லாதது. கெரட்டினும் கே.ஏ.பி-யும் உருவாவது தோலுக்கு அடியில், வேர்க்காலில் மட்டும்தான். அங்கிருந்து மாதத்துக்குச் சுமார் 1 செ.மீ முடி வளர்ந்து வருகிறது. அந்த வேலைக்கான புரதம் பருப்பு, முட்டை, மீன், பால் என நம்ம சாப்பாட்டுத் தட்டில் இருந்துதான் போகணும்!