நூல்கள் பெயர்ந்தன, மாளிகை நின்றது

சிகாகோ என்றவுடன் தமிழர் நினைவுக்கு வருவது 1893ஆம் ஆண்டின் சர்வசமயப் பேரவை. அளசிங்கப் பெருமாள் முதலிய சென்னை அன்பர்கள் பொருள் திரட்டி அனுப்பிய விவேகானந்தர் உரையாற்றிய கட்டடம் அந்நகரின் மிச்சிகன் சாலையில் உள்ளது. அதனை வடிவமைத்த ஷெப்லி, ரூட்டன், கூலிட்ஜ் நிறுவனத்தாரே அதே சாலையில் எழுப்பிய இன்னொரு மாளிகைதான் பழைய சிகாகோ பொது நூலகம். அதன் வரலாறு நூலன்பர் அனைவரும் அறியத்தக்கது.

1871 அக்டோபரில் பெருந்தீ அந்நகரை விழுங்கியது. சுமார் 300 பேர் மாண்டனர். ஏறத்தாழ ஓர் இலட்சம் பேர் வீடிழந்தனர். செய்தியறிந்த இங்கிலாந்து மக்கள், எழுத்தாளர் தாமஸ் ஹியூஸ் முன்னிற்க, 8,000க்கும் மேற்பட்ட நூல்களைத் திரட்டி அனுப்பினர். விக்டோரியா அரசியாரும் கவிஞர் டென்னிசனும் கொடையாளருள் அடங்குவர். எரிந்துபோன பொது நூலகத்திற்கு ஈடு செய்வதாகவே அவர்கள் எண்ணினர். ஆனால் எரிவதற்கு அங்கே கட்டணமற்ற பொது நூலகம் என ஒன்று இருந்ததே இல்லை! நூல்கள் முதலில் வந்தன. நூலகம் பின்னர் பிறந்தது. 1872இல் இல்லினாய் மாநிலம் வரிப்பணத்தில் நூலகம் நடத்தச் சட்டம் இயற்றியது. 1873 ஜனவரி 1ஆம் நாள், தீக்குத் தப்பி நின்ற பழைய இரும்பு நீர்த்தொட்டி ஒன்றினுள் நூலகம் திறக்கப்பட்டது.

பல இடங்களுக்கு மாறிய அந்நூலகத்திற்கு 1897இல்தான் சொந்த மாளிகை வாய்த்தது. தெற்கு வாயில் நூலகத்திற்கு; வடபகுதி உள்நாட்டுப் போரில் பொருத வீரர்களின் நினைவு மண்டபத்திற்கு. உள்ளே பளிங்குப் படிகளிலும் சுவர்களிலும் வண்ணச் சில்லுப் பதிப்புகள். நூலின் பெருமை கூறும் வாசகங்கள் பல மொழிகளில். மேலே, சுமார் 30,000 கண்ணாடித் துண்டுகளால் ஆன, 38 அடி விட்டமுள்ள டிஃபனி குவிமாடம்.

நூல்கள் பெருகப் பெருக இடம் போதவில்லை. இடித்துவிடலாம் என்ற பேச்சு எழுந்தபோது மேயரின் துணைவியார் எலினார் டேலி வெளிப்படையாக மறுப்புத் தெரிவித்தார். 1972இல் தேசிய வரலாற்றுச் சின்னங்களின் பதிவேட்டிலும், 1976இல் நகரின் மரபுச் சின்னங்களிலும் மாளிகை இடம் பெற்றது. 1991இல் ஹரோல்ட் வாஷிங்டன் பெயரால் புதிய மைய நூலகம் திறக்கப்படவே, பழைய மாளிகை பண்பாட்டு மையமாயிற்று. 1930களில் வெளியிலிருந்து மூடப்பட்ட குவிமாடம், 2008இல் செப்பனிடப்பட்டு மீண்டும் கதிரொளி பெற்றது.

இன்று அச்சுவர்கள் நூலைப் போற்றுகின்றன. நூல்களோ வேறிடத்தில் உள்ளன. இது இழப்புத்தானே என்று கேட்கலாம். ஓரளவுக்கு ஆம். மரபுப் பட்டியல் கல்லைக் காக்கும். கல்லுக்குள் நிகழ்ந்த வாசிப்பைக் காக்காது. ஆயினும், பொது நூலகத்தின் உயிர்ப்பண்பு ஒன்று அங்கே அழியவில்லை. கட்டணம் கேளாமல் எவரையும் உள்ளே விடும் வழக்கம் இன்றும் தொடர்கிறது. நம் ஊர்களின் பழைய கட்டடங்களைக் காக்க முனையும்போது, சுவர் நிற்கிறதா என்பதோடு கதவு யாருக்குத் திறக்கிறது என்பதையும் நாம் கேட்டாக வேண்டும்.