இலைகளுக்குக் கீழே ஒரு தலைநகர்

அங்கோருக்கு வடகிழக்கே குலேன் என்றொரு மலை இருக்கிறது. கெமர் அரசன் இரண்டாம் ஜெயவர்மன் கி.பி. 802இல் தன்னைச் சக்கரவர்த்தியாக நிறுவிக்கொண்டதாக வரலாற்றாசிரியர்கள் கொள்ளும் சடங்கு நடந்த இடம் அது. 11ஆம் நூற்றாண்டின் நடுவில் பொறிக்கப்பட்ட ஸ்டோக் காக் தோம் கல்வெட்டு அவ்விடத்தை மகேந்திரபர்வதம் என்கிறது. நிகழ்வுக்கும் கல்வெட்டுக்கும் இடையே இரண்டரை நூற்றாண்டு. மலையில் செங்கற்கோயில்கள் சில சிதறிக் கிடந்தன, நகரத்தைத்தான் காணோம். அடர்ந்த காடு ஒருபுறம், கெமர் ரூஜ் காலப் போரின் எச்சமான கண்ணிவெடிகள் மறுபுறம். சங்கிலி பிடித்து நிலத்தை அளக்க யார் போவார்?

2012 ஏப்ரலில் டேமியன் எவான்ஸ் முதலிய தொல்லியலாளர்கள் ஹெலிகாப்டரில் லேசர் கருவியைப் பொருத்திக் குலேன், அங்கோர், கோ கெர் ஆகிய பகுதிகளில் ஏறத்தாழ 370 சதுர கிலோமீட்டரை அளந்தனர். லைடார் என்னும் இம்முறையின் அடிப்படை எளியது. மேலிருந்து பாயும் ஒளித்துடிப்புகளில் பெரும்பாலானவை இலையில் பட்டுத் திரும்பிவிடும். சில, இடுக்குகளின் வழியே தரையைத் தொட்டு மீளும். மீள எடுத்த நேரமே தொலைவைச் சொல்லும். மரஞ்செடிகளில் பட்ட புள்ளிகளைக் கணினியில் நீக்கினால் எஞ்சுவது வெறும் தரை, கையளவு மேடுபள்ளங்களோடு.

அத்தரையில் நேர்கோட்டுச் சாலைகளும் அணைகளும் குளங்களும் மேடைகளும் தெரிந்தன. 2013இல் செய்தித்தாள்கள் 'தொலைந்த நகரம் கண்டுபிடிப்பு' என்று கொண்டாடின. அந்தச் சொல் எனக்கு உறுத்தலாகவே இருந்தது. மலைவாழ் மக்கள் அக்கோயில்களை என்றும் தொலைத்ததில்லை. ழான்-பப்டிஸ்ட் ஷெவான்ஸ் போன்றோர் பல ஆண்டுகளாக அங்கே நடையாய் நடந்து ஆய்ந்து வந்தனர். கருவி தந்தது, சிதறல்களை இணைக்கும் கோடுகளை.

எனினும் என்னை அதிகம் ஈர்த்தது அங்கோர் வாட்டில் கிடைத்த முடிவுதான். கெமர் நாட்டில் கல் தெய்வத்துக்குரியது. அரண்மனை உட்பட மனிதர் வாழ்ந்த வீடுகள் மரத்தாலானவை, மக்கி மறைந்தவை. கல்வெட்டுகளோ கொடையையும் அரச மரபையும் பேசுகின்றன. கோயிற்பணியாளர் பெயர்களை நீளமாக அடுக்குகின்றன. அவர்கள் எங்கே உறங்கினர் என்று சொல்வதில்லை. லேசர் வரைபடத்தில் அங்கோர் வாட்டின் மதிலுக்குள்ளேயே ஒழுங்கான கட்டங்களாகப் பாதைகளும், அவற்றினிடையே வீட்டுமேடுகளும் சிறு குளங்களும் வந்து நின்றன. பெயர்ப்பட்டியலுக்கு முதன்முறையாக ஒரு மனைக்கட்டு கிடைத்தது எனலாம்.

ஒளிக்குக் காலம் தெரியாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மேடு எந்த நூற்றாண்டினது என்பதை மண்வெட்டியும் பானையோடும்தான் தீர்மானிக்கின்றன. 2015இல் இன்னும் ஏறத்தாழ 1,900 சதுர கிலோமீட்டர் அளக்கப்பட்டது. அங்கோர் வாட்டுக்குத் தெற்கே, ஒரு கிலோமீட்டருக்கும் மேலான நீளத்தில், கோலம்போல மடிந்து மடிந்து செல்லும் மண்வரப்புகள் படத்தில் துல்லியமாகத் தெரிகின்றன. தோட்டமா, முடிவுறாத வேறொரு திட்டமா என்பதில் ஆய்வாளரிடையே ஒருமித்த கருத்து இல்லை; அவற்றைப் பற்றிக் கல்வெட்டு ஏதும் பேசவில்லை.