லான்ஸ் ஓ மெடோஸ்

கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து தீவின் வடமுனையில் உள்ள வைக்கிங் குடியிருப்பு. புல்மூடிய மேடுகளாகக் கிடந்த இவ்விடத்தை 1960இல் உள்ளூர்வாசி ஜார்ஜ் டெக்கர் நார்வேக்காரரான ஹெல்கே இங்ஸ்டாடுக்குக் காட்டினார். அகழாய்வை நடத்தியவர் இங்ஸ்டாடின் மனைவி ஆன் ஸ்டீன். இக்கண்டுபிடிப்பின் பெருமையில் பெரும்பங்கு அவருக்கே உரியது. 8 கட்டடங்களின் அடித்தடங்கள், இரும்பு உருக்கிய உலை, வெண்கல ஊசி, நூல் நூற்கும் தக்களியின் மாக்கல் வட்டு ஆகியவை கிடைத்தன. இங்கு வெட்டப்பட்ட மரத்துண்டுகள் 1021ஆம் ஆண்டைச் சேர்ந்தவை என்று 2021இல் உறுதியானது. கொலம்பஸுக்கு 471 ஆண்டுகள் முந்தியது இது. 1978 முதல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியக் களம்.

அகழ்ந்த இடங்கள் பாதுகாப்புக்காக மீண்டும் மண்ணால் மூடப்பட்டுவிட்டன. பயணிகள் நுழைந்து பார்ப்பது அருகில் எழுப்பிய மாதிரி வீடுகளை. மரச்சட்டத்தின்மேல் புல்லோடு வெட்டிய கரிமண் பாளங்களை அடுக்கிய தடித்த சுவர்கள், கூரையிலும் புல். உள்ளே நடுவில் அடுப்பு, இருபுறமும் படுக்கும் திண்ணை, புகை மணம். அக்கால உடையணிந்த பணியாளர்கள் நூல் நூற்றும் இரும்படித்தும் காட்டுவார்கள். அவசரமாகச் சுற்றிவரும் இடமன்று. அடுப்பருகே சற்று உட்கார வேண்டும். குளிர்காலத்தில் வளாகம் மூடியிருக்கும். கோடையில் செல்வதே உகந்தது.