நாற்றும் வரம்பும்

நெல் நடும் இயந்திரத்துக்கான முதற் காப்புரிமை ஜப்பானில் 1898இல் பெறப்பட்டது. அதன்பின் அறுபது ஆண்டுகளுக்கு மேலாகப் பலர் முயன்றும் இயந்திரம் வயலில் நிலைக்கவில்லை. நாற்றுமேடையிற் பிடுங்கி, வேர் அலசிக் கட்டிய முடியிலிருந்து இரண்டு மூன்று நாற்றை மட்டும் பிரித்தெடுப்பது மனித விரலுக்குச் சுலபம். இரும்பு விரலோ ஒன்றில் கொத்தாக அள்ளியது, அல்லது வெறுமனே சேற்றைக் குத்தியது.

1960களில் வழி திறந்தது. மாறியது இயந்திரத்தைவிட நாற்றுத்தான். ஏறத்தாழ இரண்டடி நீளமும் ஓரடி அகலமும் கொண்ட தட்டில், ஓரங்குல மண்ணில் நெருக்கமாக விதைத்தார்கள். மூன்று கிழமைக்குள் வேர்கள் பின்னிப் பாய்போலாகின. அந்தப் பாயிலிருந்து சிறு துண்டு கிள்ளி ஊன்றுவது இரும்புக்கும் முடிந்தது. இளைஞர்கள் ஆலைகளுக்குப் போய், கிராமங்களில் முதியவர்களும் பெண்களும் எஞ்சியிருந்த காலம் அது. குனிய முதுகில்லாத ஊரில் இயந்திரத்தை யாரும் விரோதியாகப் பார்க்கவில்லை. 1980களில் அந்நாட்டு வயல்களிற் பெரும்பாலானவை இயந்திரத்தால் நடப்பட்டன.

எங்கள் கதை வேறு. யாழ்ப்பாணத்திலும் வன்னியின் மானாவாரி வயல்களிலும் கமக்காரர் மழைக்கு முன்பே புழுதியில் விதைத்தார்கள். குளத்து நீர் பாயும் இடங்களில் சேற்று விதைப்பு. இதைச் சோம்பல் என்று சொன்ன படித்தவர்கள் உண்டு. மழை எப்போது வரும், எவ்வளவு நிற்கும் என்று தெரியாத மண்ணில் அது கணக்கறிந்த செயல் என்றே நாம் கருதுகிறோம். உழவும் சூடுமிதிப்பும் உழவு இயந்திரத்துக்கு மாறிய பின்னரும் விதைப்பு கையிலேயே நின்றது.

ஆனால் வீசி விதைப்பதற்கும் விலை உண்டு. ஏக்கருக்கு இரண்டு புசல் விதைநெல் வேண்டும்; இயந்திர நடுகைக்கு அதில் பாதியளவு போதும். அதைவிடப் பெரிய தொல்லை களைநெல். நெல்லைப்போலவே முளைத்து, அறுவடைக்கு முன் உதிர்ந்து, அடுத்த போகத்துக்கும் மண்ணிற் கிடக்கும். களைநாசினிக்கு இரண்டும் ஒன்றுதான். நிரையாக நட்டு நீர் கட்டிய வயலில் அது முளைப்பது குறைவு. நிரைக்கு நடுவே முளைத்தால் கண்ணுக்குத் தெரியும். விளைச்சல் கூடுவதாகச் சொல்லப்படுவதன் சூட்சுமம் பெரும்பாலும் இதுதான்; இயந்திரத்துக்குத் தனி மந்திரமில்லை. 2009க்குப் பின் மீளக் குடியேறிய வன்னியில் கூலியாள் தட்டுப்பாடும் சேர்ந்துகொண்டது. அங்கும் இப்போது நடுகை இயந்திரம் இறங்கத் தொடங்கியிருக்கிறது.

இறங்கிய இயந்திரம் திரும்ப இடம் கேட்கிறது. ஜப்பானில் 1963 முதல் துண்டு வயல்களைச் சேர்த்து, நூறு மீற்றர் நீளமும் முப்பது மீற்றர் அகலமுமாக வெட்டிச் சமப்படுத்தினார்கள். அதற்கு 1949ஆம் ஆண்டுச் சட்டப்படி அப்பகுதி உழவர்களில் மூன்றில் இரு பங்கினரின் ஒப்புதல் வேண்டும். யாழ்ப்பாணத்திலோ சீதனமும் முதுசமுமாகப் பிரிந்த வயல் நாலு பரப்பு, ஆறு பரப்பென்று கிடக்கிறது. நடுவரம்பை வெட்டி இரண்டு துண்டை ஒன்றாக்கலாமா என்று குத்தகைக்குச் செய்பவர் கேட்டால், பதில் சொல்லவேண்டியவர்கள் ஊரில் இல்லை. உறுதியிற் பெயருள்ளவர்களில் ஒருவர் ரொறன்ரோவில், ஒருவர் பாரிஸில், இன்னொருவர் இருவரோடும் பேசாமல் லண்டனில் இருக்கிறோம்.