யானைக்கால் புழு நம்ம உடம்புல எப்படி ஒளிஞ்சுக்குது? விடை சொல்லும் மைக்ரோ ஆர்.என்.ஏ!

முதலியார்பேட்டையில் ஏ.எஃப்.டி மில்லைத் தாண்டி உள் தெருக்களில் சாயங்காலம் நடந்து பாருங்க. சாக்கடைத் தண்ணியில் பெருகி நம்மைச் சுத்துறது பெரும்பாலும் க்யூலெக்ஸ் கொசு. யானைக்கால் புழுவைப் பரப்புறது இதுதான். 1975-ல் புதுச்சேரியில் தொடங்கப்பட்ட கொசு ஆய்வு மையமான வி.சி.ஆர்.சி, 1980-களின் தொடக்கத்தில் யானைக்கால் ஒழிப்பில் இறங்கியபோது குறிவெச்சதும் இந்தக் கொசுவைத்தான்.

அந்தத் தலைமுறையில் சில தாத்தா பாட்டிகளுக்கு இன்னும் கால் வீக்கம் இருக்கு. ஆனா, புழு உடம்புக்குள்ள போன பலருக்கு வருஷக்கணக்கா எந்த அறிகுறியும் தெரியறதில்லை. நிணநீர்க் குழாயில் 6 முதல் 8 வருஷம் அது குடித்தனம் நடத்தும். நம்ம நோய் எதிர்ப்புப் படை அதுவரை என்னதான் பண்ணுது?

இங்கேதான் மைக்ரோ ஆர்.என்.ஏ வருது. கல்யாணச் சமையல்கட்டை நினைச்சுக்கோங்க. டி.என்.ஏ தலைமைச் சமையல்காரரோட நோட்டு. அதைப் பார்த்து எழுதி அனுப்புற சீட்டுதான் எம்.ஆர்.என்.ஏ, சீட்டு வந்தா புரதம் தயாராகும். 'போதும்பா'னு அந்தச் சீட்டைக் கிழிக்கிற ஆள்தான் மைக்ரோ ஆர்.என்.ஏ. நீளம் சுமார் 22 எழுத்துதான்!

நோய் எதிர்ப்பில் இதுக்குப் பெரிய வேலை. 155 என்ற மைக்ரோ ஆர்.என்.ஏ ஆக்சிலரேட்டர் மாதிரி. முடக்குவாதம் வந்த மூட்டுகளில் அது எகிறிக் கிடக்கு. 146ஏ என்பது பிரேக். அது இல்லாத எலிகளோட உடம்பு, தன்னையே தாக்க ஆரம்பிச்சது.

1993-ல் விக்டர் ஆம்ப்ரோஸ், கேரி ருவ்கன் இருவரும் மைக்ரோ ஆர்.என்.ஏ-வை முதன்முதலில் கண்டுபிடிச்சதும் ஒரு குட்டிப் புழுவில்தான். 2024-ல் நோபல் கிடைச்சது. பிறகு வந்த லெட்-7 என்ற மைக்ரோ ஆர்.என்.ஏ, புழுவிலும் மனிதரிலும் எழுத்துக்கு எழுத்து ஒண்ணு.

2015-ல் வெளியான ஓர் ஆய்வு, யானைக்கால் புழு வகையான புருகியா மலாயியை எடுத்துக்கிச்சு. அதோட இளம்புழு நுண்ணிய பைகளை வெளியே விடுது. உள்ளே லெட்-7 உட்பட மைக்ரோ ஆர்.என்.ஏ-க்கள். காவல் செல்களான மேக்ரோஃபேஜ்கள் அந்தப் பைகளை அப்படியே விழுங்குது. படையை அமைதிப்படுத்த புழு நம்ம மொழியிலேயே சீட்டு அனுப்புதுன்னு ஆராய்ச்சியாளர்கள் சந்தேகப்படுறாங்க. முழுசா நிரூபணமாகலை, ஆனா கில்லாடித்தனமான வேலை!

'எனக்குத்தான் ஒண்ணுமில்லையே, எதுக்கு டி.இ.சி மாத்திரை?'னு கேட்கிறவங்களுக்கும் இதில் பதில் இருக்கு. அறிகுறி இல்லாதவர் ரத்தத்திலும் குட்டிப் புழுக்கள் ஓடும், கொசு அதை அடுத்த வீட்டுக்குக் கொண்டுபோகும். பீகார், ஜார்க்கண்ட் பக்கம் வேலைக்குப் போறவங்க, அங்கே மாத்திரை கொடுத்தா மறுக்காதீங்க. குட்டிப் புழுக்கள் பெரும்பாலும் ராத்திரியில்தான் தோலுக்குப் பக்கத்து ரத்தத்துக்கு வரும் என்பதால், அவற்றைத் தேடும் ரத்தப் பரிசோதனையும் ராத்திரியில்தான். மைக்ரோ ஆர்.என்.ஏ-வை வெச்சு நோயைக் கண்டுபிடிக்கிற முயற்சிகள் இன்னும் ஆய்வகத்தில்தான் இருக்கு.

வீட்டில் தாத்தாவுக்குக் கால் வீங்கியிருந்தா, தினமும் சோப்பு போட்டுக் கழுவி, விரல் இடுக்கில் ஈரமில்லாமத் துடைச்சு விடுங்க. புண்ணும் காய்ச்சலும் வர்றது குறையும்.